சிசிஎன்ஏ தேர்வு: எதை வைத்துப் படிப்பது, எப்படிப் படிப்பது

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மலையாளம் கேட்டால் புரியும். படம் பார்ப்போம், பாட்டு கேட்போம், பாறசாலைக் கடையில் சொல்லும் விலை விளங்கும். ஆனால் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேலதிகாரி மலையாளத்தில் ஒன்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்க்கும்போது, என்னைப் போன்ற பலருக்கு நாக்கு எழும்பாது. கேட்டுப் புரிந்துகொள்வதும் வாய்திறந்து சொல்வதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் உறைக்கும்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கிங் வேலைக்கான சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கும்போதும் எனக்கு இதேதான் நடந்தது. ஏழு மாதம் வீடியோ பார்த்தேன், புத்தகத்தில் மஞ்சள் கோடு போட்டேன். எதைப் பார்த்தாலும் "இது தெரியுமே" என்று தோன்றியது. தேர்வு அறையில் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது தெரிந்தது எதுவும் கைக்கு வரவில்லை. கட்டிய பணம் போயிற்று. இரண்டாம் முறை தேறியதற்குக் காரணம் கூடுதலாகப் படித்தது அல்ல. படிக்கும் முறையையும் கையில் வைத்திருந்த பொருள்களையும் அடியோடு மாற்றினேன்.

போன மாதம் சித்தி மகன் வந்தான். "அண்ணே, கோர்ஸ் மூணு வாங்கியாச்சு. பிடிஎஃப் ஒரு கட்டு கெடக்கு. எதுல தொடங்கணும்ணு தெரியல்ல." அவனோடு உட்கார்ந்து பேசியதை விரித்து எழுதியதுதான் இது.

முதல் படி: எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள்

தொடக்க நிலையில் பெரும்பாலானோர் யோசிப்பது இரண்டு தேர்வுகளைத்தான். காம்ப்டியா என்ற சான்றிதழ் அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனக் கருவியையும் சாராதது: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ (தேர்வு எண் 200-301), ரூட்டரையும் (நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவி) சுவிட்சையும் (ஒரே நெட்வொர்க்கில் கணினிகளை இணைக்கும் கருவி) கட்டளை தட்டி அமைக்கத் தெரிகிறதா என்றும் பார்க்கும்: 120 நிமிடம், 300 அமெரிக்க டாலர், வரி தனி. ரூபாயில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். இரண்டு சான்றிதழுக்கும் ஆயுள் 3 ஆண்டு.

கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலோ, மருத்துவமனை ஐடி பிரிவிலோ, இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்திலோ நெட்வொர்க் வேலை தேடுகிறவருக்கு நான் சொல்வது சிசிஎன்ஏ. காரணம், அதற்குப் படித்தவர் கருவியைத் தொட்டிருப்பார். நெட்வொர்க் பிளஸ் எழுதிவிட்டுத்தான் சிசிஎன்ஏ எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டுக்கும் பணம் கட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நேரே இதற்கே வரலாம். இனி சொல்வதெல்லாம் சிசிஎன்ஏவை வைத்துத்தான்.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் வையுங்கள்

எந்தப் புத்தகமும் வாங்குவதற்கு முன்னால் சிஸ்கோ தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கும் தேர்வுப் பாடத்திட்டத்தை இறக்குங்கள். சில பக்கம்தான். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம்.

அதில் ஆறு பகுதிகள். நெட்வொர்க் அடிப்படை 20 சதவீதம், சுவிட்சும் வயர்லெஸ்ஸும் அடங்கிய நெட்வொர்க் அக்சஸ் 20, ரூட்டிங் (தரவுக்கு வழி காட்டுவது) நிறைந்த ஐபி கனெக்டிவிட்டி 25, ஐபி சர்வீசஸ் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10. படிக்கும் நேரத்தையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில் பங்கிடுங்கள். என் முதல் தோல்விக்குப் பிறகு வந்த மதிப்பெண் தாளில் பகுதிவாரியாகச் சதவீதம் இருந்தது. ரூட்டிங்கில் அடிபட்டிருந்தேன். ஆனால் நான் அதிக நாள் செலவழித்தது கேபிள் வகைகளையும் ஓஎஸ்ஐ அடுக்குகளையும் (நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் மாதிரி) திரும்பத் திரும்ப எழுதியதில்.

பலர் கவனிக்காத ஒன்று, ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லோடு தொடங்குகிறது என்பது. சில வரிகள் "விளக்கு" என்று தொடங்கும், சில "ஒப்பிடு", சில "அமைத்துச் சரிபார்". இதைப் பார்த்தால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். விலான் (ஒரு சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிரும் முறை), நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது), ஏசிஎல் (எந்தத் தரவை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) எல்லாம் "அமை" என்ற கூட்டத்தில் வரும். அவற்றைத் தட்டிப் பார்க்காமல் தேர்வுக்குப் போகக்கூடாது. "விளக்கு" என்று இருப்பதை நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டு நிறப் பேனாவால் பிரித்துக் குறித்தால், மலைபோல் தெரிந்த பாடம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும்.

பதிப்பையும் பாருங்கள். 200-301 தேர்வு 2020 பிப்ரவரியில் வந்தது. 2024 ஆகஸ்ட் 20 அன்று அதன் 1.1 பதிப்பு நடப்புக்கு வந்தது. ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட், செஃப் இரண்டும் போய் டெராஃபார்ம் வந்தது. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் எட்டிப் பார்த்தன. ஸ்பானிங் ட்ரீயில் (சுவிட்சுகளுக்குள் தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுப்பது) ரூட் கார்டு, லூப் கார்டு என்ற பாதுகாப்புகள் சேர்ந்தன. மற்றதில் பெரிய மாற்றம் இல்லை என்பதால் அண்ணன் படித்த 2020 புத்தகம் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். விட்டுப்போன தலைப்புகளை மட்டும் வேறிடத்தில் படித்துக்கொள்ளலாம். 2020க்கு முந்தைய புத்தகம் என்றால் எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு முதன்மைப் பொருள்

சித்தி மகனிடம் முதலில் செய்யச் சொன்னது, மூன்று கோர்ஸில் இரண்டை மூடச் சொன்னதுதான். பொருள் கூடக் கூட, ஒன்றில் கடினமான இடம் வந்ததும் அடுத்ததற்குத் தாவுவோம். தாவினால் மறுபடியும் எளிதான முதல் அத்தியாயம். ஓஎஸ்பிஎஃப் வரை போய்ச் சேரவே மாட்டோம்.

எதை வைத்துக்கொள்வது? நட்சத்திர மதிப்பீட்டை நம்பாதீர்கள். இப்படிச் சோதியுங்கள். ஸ்பானிங் ட்ரீ போலக் கொஞ்சம் முரடான தலைப்பு ஒன்றை எடுங்கள். இரண்டு பொருளிலும் அதே தலைப்பை வேறு வேறு நாளில் படியுங்கள் அல்லது பாருங்கள். முடித்ததும் மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். எதைப் படித்த அன்று தாளில் கூடுதலாகவும் சரியாகவும் எழுத முடிந்ததோ அது உங்களுக்கானது. கேட்க இனிமையாக இருந்த வீடியோ இந்தச் சோதனையில் தோற்பதை நான் கண்டிருக்கிறேன்.

தேர்ந்தெடுக்கத் தகுந்தவை என்று நான் சொல்பவை மூன்று. வெண்டெல் ஓடமின் அதிகாரபூர்வ வழிகாட்டி இரண்டு தொகுதி, 1.1 பதிப்புக்கான இரண்டாம் பதிப்பு 2024இல் வந்தது. தடிமன் அதிகம், ஆனால் விடுபட்டது என்று ஒன்றும் இருக்காது. வாசிப்புப் பழக்கம் உள்ளவருக்கு இதுதான். வீடியோ வழியே படிப்பவருக்கு ஜெரமிஸ் ஐடி லேப் என்ற சேனல் யூடியூபில் முழுப் பாடத்தையும் இலவசமாகத் தருகிறது. பாடத்தோடு லேப் (செய்முறைப் பயிற்சி) கோப்பும் நினைவட்டைகளும் கிடைக்கும். கல்லூரியில் படிக்கிறவர்கள் தங்கள் கல்லூரி சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மூன்று பகுதியாக நடக்கும் அந்தப் படிப்பின் கடைசித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் சான்றிதழ்க் கட்டணத்தில் சலுகை கிடைக்க வாய்ப்பு உண்டு. காசுக்கு அல்லாடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வு தமிழிலோ மலையாளத்திலோ கிடையாது. ஒரு கருத்து முதன்முதலில் பிடிபடத் தமிழ் வீடியோ, மலையாள வீடியோ எது கிடைத்தாலும் பாருங்கள். நமக்கு இரண்டும் காதில் ஏறும், அது எல்லைக்காரர்களுக்கு வாய்த்த வசதி. ஆனால் கேள்வியை ஆங்கிலத்தில்தான் படித்துப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு கேள்வியின் கடைசி வரியில் "இரண்டைத் தேர்ந்தெடு" என்றோ "எது பொருந்தாது" என்றோ இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் பாடம் தெரிந்தும் பயனில்லை.

பயிற்சி மையத்தில் சேரலாமா என்று கேட்பார்கள். சேருமுன் அங்கே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர் கையில் கீபோர்டு இருக்கும்?" பதில் தெளிவாக வந்தால் சேரலாம். நான் பணம் கட்டிய ஒரு மையத்தில் மூன்று மாதம் ஸ்லைடு மட்டும் ஓடியது. கடைசி வாரம் "இதை மனப்பாடம் செய்" என்று கேள்வி-பதில் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான்காம் படி: லேப்தான் உயிர்

கணினியிலேயே நெட்வொர்க்கைக் கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் போதும். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமித் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அது உண்மையான ரூட்டர் மென்பொருள் இல்லை, அதுபோல் நடித்துக் காட்டுவதுதான். சில கட்டளைகள் இருக்காது. ஆனாலும் சிசிஎன்ஏ அளவுக்கு ஒரு குறையும் இல்லை. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்றவை அடுத்த நிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய 2960 சுவிட்ச் கிடைக்கிறதே என்று சிலர் ஓடுகிறார்கள். அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வையுங்கள். கேபிள் முனை கட்டிப் பழக ஆசை என்றால் ஊரில் சிசிடிவி வேலை செய்கிறவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள், கிரிம்பிங் டூல் கையில் தருவார்.

லேப் செய்வதில் மூன்று கட்டம் உண்டு. வீடியோவில் செய்வதைப் பார்த்து அப்படியே தட்டுவது முதல் கட்டம். பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்த நாள் அதே லேப்பைக் குறிப்பே பார்க்காமல் வெற்றுப் பக்கத்திலிருந்து கட்டுவது இரண்டாவது. நான் சொல்ல வருவது மூன்றாவதை: ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை நீங்களே கெடுத்து, நீங்களே கண்டுபிடிப்பது.

மூன்று ரூட்டரை ஓஎஸ்பிஎஃபில் இணைத்து, எல்லாக் கணினிக்கும் பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது என்று உறுதி செய்யுங்கள். இப்போது ஒரு பக்கம் மட்டும் ஹலோ இடைவெளியை (அண்டை ரூட்டருக்கு "இருக்கிறேன்" என்று சொல்லும் இடைவெளி) 10 நொடியிலிருந்து 5 ஆக மாற்றிவிட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் அண்டை உறவு அறுந்துபோகும். இரு பக்கமும் "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்" கொடுத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரிசெய்துவிட்டு அடுத்ததாக ஒரு பக்கத்து ஏரியா (ஓஎஸ்பிஎஃப் பகுதி) எண்ணை மாற்றுங்கள். பிறகு ஒரு இன்டர்ஃபேஸை (ரூட்டரின் இணைப்பு முனை) ஹலோ அனுப்பாதபடி பாசிவ் ஆக்குங்கள். ஒவ்வொரு கோளாறும் வெளியே ஒரே மாதிரி, பிங் போகவில்லை என்றுதான் தெரியும். உள்ளே காரணம் வேறு. எந்தக் கட்டளை எந்தக் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கடையில் விற்கும் எந்தப் புத்தகத்தையும்விட எனக்கு அந்த நோட்டு உதவியது. நண்பர் ஒருவர் உடன் படித்தால் இன்னும் நல்லது: அவர் கெடுத்துக் கோப்பை அனுப்பட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள்.

சுவிட்சில் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு டிரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) விலான் 10 போய்க்கொண்டிருக்கிறது. 20ஐயும் அனுமதிக்க வேண்டும். "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலௌட் விலான் 20" என்று தட்டிப் பாருங்கள். "ஆட்" என்ற சொல்லைச் சேர்க்காததால் பழைய பட்டியல் அழிந்து 20 மட்டும் மிஞ்சும். 10இல் இருந்தவர்கள் அத்தனைபேரும் அறுந்து போவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை உண்மையான சுவிட்சில் செய்து, ஒரு மாடி முழுவதையும் இருட்டாக்கியவன் நான். லேப்பில் ஒருமுறை கெடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கு அந்தச் சொல் ஓர்மையில் இருந்திருக்கும்.

தேர்விலேயே கட்டளை தட்டி அமைக்கச் சொல்லும் கேள்விகள் வருகின்றன. ஆகவே லேப்பைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் படித்தால் ஒரு மணி நேரம் தட்டுங்கள்.

ஐந்தாம் படி: சப்நெட்டிங்கைத் தினசரி வேலையாக்குங்கள்

ஐபி முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) சின்னச் சின்ன நெட்வொர்க்காகப் பிரிப்பதுதான் சப்நெட்டிங். இதற்குத் தனிக் கோர்ஸ் வேண்டாம். ஒரு முறையைப் பிடித்து, தினம் பத்துக் கணக்கு, இரண்டு மாதம். 172.16.37.200/20 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? /20 என்றால் முகவரியின் 32 பிட்டில் முதல் 20 நெட்வொர்க்குக்கு, அதைக் காட்டும் மாஸ்க்கின் மூன்றாம் பகுதி 240. 256இல் 240 போனால் 16. பதினாறாம் வாய்ப்பாட்டில் 32க்கும் 48க்கும் நடுவே 37 விழுகிறது. நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் முகவரி) 172.16.47.255. மீதி 12 பிட்டுக்கு 4096, அதில் இரண்டு போக 4094 கருவிகள். பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாடு மறக்காதவருக்கு இது நிமிடத்துக்குள் வரும். பேப்பரும் பேனாவும் மட்டும் வைத்துப் போடுங்கள், கால்குலேட்டர் தேர்வில் கிடையாது.

ஆறாம் படி: ஓர்மையில் நிறுத்துவது

1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எழுதினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். 2013இல் டன்லாஸ்கியும் உடனிருந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடை போட்டபோது, தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. நான் ஏழு மாதம் செய்தது அந்தக் கீழே போனவற்றைத்தான்.

ஆன்கி என்ற நினைவட்டைச் செயலியைப் போனில் போடுங்கள். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையை அது திருப்பிக் காட்டும். குழித்துறையில் வண்டியேறினால் திருவனந்தபுரம் சேரும் வரை எனக்கு அதுதான் வேலை. நெய்யாற்றின்கரைக்குள் பழைய அட்டைகள், பாலராமபுரத்துக்குள் புதியவை. வண்டிக்குள் லேப் செய்ய முடியாது, தடித்த புத்தகம் விரிக்க இடமில்லை. அட்டைக்கு ஒரு கை போதும்.

அட்டையை நீங்களே எழுதுங்கள், அதிலும் யோசிக்க வைக்கும் கேள்வியாக எழுதுங்கள். "ஓஎஸ்பிஎஃபின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்ன?" (ஒரு வழி எவ்வளவு நம்பத்தக்கது என்ற எண், குறைந்ததே முந்தும்) என்றால் 110 என்று வாய் சொல்லும், மூளை வேலை செய்யாது. இப்படிக் கேளுங்கள்: "10.1.1.5க்குப் போக ஓஎஸ்பிஎஃப் வழியாக 10.1.1.0/24 இருக்கிறது, ஸ்டேட்டிக்காக (கையால் போட்ட வழி) 10.1.0.0/16 இருக்கிறது. எது ஜெயிக்கும்?" ஸ்டேட்டிக்கின் எண் 1, ஓஎஸ்பிஎஃபின் எண் 110 என்று மனப்பாடம் செய்தவர் ஸ்டேட்டிக் என்பார். உண்மையில் /24தான் ஜெயிக்கும், ஏனென்றால் நீளமான பிரிஃபிக்ஸ்தான் (சாய்கோட்டுக்குப் பின் வரும் பெரிய எண்) முதலில் பார்க்கப்படும். ஒரே பிரிஃபிக்ஸுக்கு இரண்டு வழி இருந்தால்தான் அந்த எண்களுக்கு வேலை.

வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பதும் சோதனைதான். பாக்கெட் (தரவுத் துண்டு) ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) மாறுகிறது, ஐபி முகவரி மாறுவதில்லை. இதை என் தங்கைக்குச் சொல்லும்போதுதான் எனக்கே தெளிந்தது: மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போகிறவர் களியக்காவிளையில் இறங்கி வேறு பஸ் ஏறுகிறார். பஸ் மாறியது, போகும் ஊர் மாறவில்லை. நாட் வந்தால் இந்தக் கதை உடையும், ஏனென்றால் அங்கே ஐபியே மாற்றப்படுகிறது. எங்கே உடைகிறது என்று சொல்லத் தெரிந்தால் பாடம் வந்துவிட்டது. நேர்காணலில் கேட்பதும் இப்படித்தான்: ஒரு கணினி இன்னொன்றை முதல்முறை பிங் செய்கிறது, முதலில் என்ன நடக்கும்? ஏஆர்பியில் (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறிவது) தொடங்கி வாயால் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: மாதிரித் தேர்வும், தொடக்கூடாத கட்டும்

முதன்மைப் பொருளை ஒருமுறை முடித்ததும் மாதிரித் தேர்வுக்கு வாருங்கள். பாதி முடிந்தபோதே ஒன்று எழுதினாலும் தப்பில்லை. நேரம் வைத்து, போனை அடுத்த அறையில் வைத்து, ஒரே மூச்சில் எழுதுங்கள். சிசிஎன்ஏவில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது, அதற்கும் இதிலேயே பழக வேண்டும். எழுதிய நேரத்தைவிட அலசும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். தவறிய கேள்வி மட்டும் போதாது, குருட்டாம்போக்கில் சரியானதையும் குறித்து, நான்கு விடையில் மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று எழுதுங்கள். அந்தத் தலைப்பை லேப்பில் கட்டிப் பாருங்கள்.

இனி அந்தக் கட்டு. "டம்ப்" என்று சொல்லி டெலிகிராமிலும் சில மையங்களிலும் சுற்றுவது, உண்மைத் தேர்வுக் கேள்விகளைத் திருடித் தொகுத்தது. சிஸ்கோவோடு நாம் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கைக்கு அது எதிரானது, பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், தடையும் வரும். அதில் பல விடைகள் தப்பு என்பது இன்னொரு பக்கம். எனக்கு அதைவிட வலிப்பது வேறு. என்னோடு படித்த ஒருவர் அதை உருப்போட்டுத் தேறினார். நேர்காணலில் ஒரு சுவிட்சின் கன்சோலை (கட்டளை தட்டும் திரை) கொடுத்து விலான் போடச் சொன்னார்கள், முடியவில்லை. அவர் வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. உங்கள் போனில் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

எட்டாம் படி: நாள் குறிப்பதும் தேர்வுக்குப் போவதும்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவருக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஐந்தாறு மாதம் நியாயமான கணக்கு. மாணவருக்கு அதில் கொஞ்சம் குறையலாம். இரண்டு வெவ்வேறு இடத்து மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் வந்து, ஓஎஸ்பிஎஃபும் ஏசிஎல்லும் குறிப்பில்லாமல் அமைக்க முடிந்தால் நாள் குறியுங்கள். இது என் சொந்த அளவுகோல். சிசிஎன்ஏவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் இவ்வளவு என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை.

பதிவு, தேர்வு நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூ வழியாக. வீட்டிலிருந்தே எழுதும் வசதி உண்டு. ஆனால் நம் மாவட்டத்தில் ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நடுவில் கரண்டு போனால் மொத்தமும் கெடும். மையத்துக்கே போங்கள்.

பதிவு செய்யும்போது பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். நம்மில் பலருக்கு இனிஷியல் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். தேர்வன்று காட்டப்போகும் அடையாள அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கணக்கில் போடுங்கள். எந்த அட்டைகள் வேண்டும் என்று பதிவை உறுதி செய்து வரும் மின்னஞ்சலிலேயே இருக்கும்.

முந்தின நாள் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். நோட்டைப் புரட்டி, பத்துச் சப்நெட் கணக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அறைக்குள் போனதும், கேள்வி தொடங்கிய பிறகு, கொடுக்கும் எழுதுபலகையில் 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்று மாஸ்க் வரிசையை எழுதி வையுங்கள். லேப் கேள்வியில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். அமைத்த அளவுக்குச் சேமித்துவிட்டு நகருங்கள்.

தேறாமல் போனால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுத விதி இடம் தருகிறது. நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். மதிப்பெண் தாளில் எந்தப் பகுதி குறைவு என்று பார்த்து, அந்தப் பகுதியின் லேப்களை மட்டும் வெற்றுப் பக்கத்திலிருந்து மறுபடி கட்டினேன். சித்தி மகன் இப்போது விலான் பாடத்தில் இருக்கிறான். ஞாயிறுதோறும் நான் கெடுத்து அனுப்பும் கோப்பை அவன் திறக்கிறான். போன வாரத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் எடுத்தான். இந்த வாரம் டிரங்கில் அடையாளம் ஒட்டாமல் போகும் நேட்டிவ் விலானை மாற்றி வைத்திருக்கிறேன்.